எட்டாம் இடத்துக்கு ஒரு பெயர்

புரட்டாசி பிறந்திருந்தது. தென்மேற்கிலிருந்து நான்கு மாதம் வீசிய காற்று சினம் ஆறிக் கடலின்மேல் களைத்துக் கிடந்தது. வெள்ளவத்தைக் கரைப் பாறைகளில் அலை மோதுவதும் ஓய்வதும் நோயாளியின் மூச்சுப்போலச் சீரற்றிருந்தன. பகலெல்லாம் வானம் ஈயத் தகடாய் வெந்து, பிற்பகலில் பாமன்கடைப் பக்கம் கருத்து, இடித்து, பெய்யாமலே கலையும். சனிக்கிழமைகளில் கோயில் வீதியெங்கும் எள்ளெண்ணெய் கருகும் மணம். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து திரியாக்கி, சனீசுவரன் சந்நிதியின் முன் மாந்தர் வரிசையாக நிற்பர். வெளியே தெருமுனைச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையைக் கையிற்பிடித்தபடி இன்னொரு வரிசை நிற்கும். முதல் வரிசையில் நின்றோர், இரண்டாம் வரிசையில் தமக்கு ஒன்றும் நேராதிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டனர். வடக்கே போர் நடந்தது. வானொலி ஊர்ப்பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவ்வூர்க்காரர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தனர். அப்பருவத்தின் நிறம் எள்ளின் நிறமாக இருந்தது.

அது சர்வதாரி வருடம். ஆங்கில முறையில் எழுதினால் கடைசியில் எட்டு வரும். எட்டு சனிக்குரிய எண். ஆகையால் வெள்ளவத்தை அருட்பண் பரிபாலன சபையார் அவ்வருடத்தை ஆங்கில முறையில் எழுதுவதே இல்லை.

அந்தப் புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை, சிவக்கொழுந்து என்னும் தையற்காரியின் மகன் பிரணவன் பாமன்கடைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். அவனிடம் வெடியும் இல்லை, வாளும் இல்லை. ஒரு தாள் இருந்தது. அதில் எட்டுப் பெயர்கள். முதலாஞ் சுற்று என்று எழுதி ஒரு பெயர் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. இரண்டாஞ் சுற்று என்று எழுதி இன்னொரு பெயர். இவ்வாறே ஏழு பெயர்கள் வெட்டுண்டு ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார்.

“உம்மா, இந்தக் கடதாசியப் பாருங்க,” என்றார் சார்ஜன்ட் ஸாலிஹ், காவல் நிலையத்துக்கு ஓடிவந்த சிவக்கொழுந்திடம். அந்தக் காவல் நிலையத்தில் தமிழ் கதைக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். “எட்டும் பெரிய மனுசன்மார்ட பேரு. டொக்டர் இரிக்காரு, எஞ்சினியர் இரிக்காரு. ஒண்டொண்டா வெட்டியிரிக்கி. ஆரை முதல்ல முடிக்கிறது, ஆரைப் பொறகு முடிக்கிறதுன்னு எழுதின லிஸ்றா எண்டு எங்கட பெரியவர் கேக்கிறாரு.”

“ஐயோ, அது எலெக்சன் ஐயா! சபையின்ரை தலைவரைத் தெரிஞ்செடுக்கிற எலெக்சன். பிள்ளை அதை எண்ணுறதுக்குக் கொம்பியூட்டரிலை ஒரு வேலை செய்து, சரியோ பிழையோ எண்டு எண்ணிப் பார்த்த தாள் இது.”

“நான் நம்புறேன். நான் நம்பி என்ன? சபைட தலைவர் ஒப்பம் வெச்சு, சீல் அடிச்சு, ஒரு கடிதம் கொண்டு வாங்க. அடுத்த கிழமை இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை, காலைல பத்து மணி. அதுக்குப் பொறகு தெற்கே முகாமுக்கு ஏத்திருவாங்க. அங்க ஏத்தினாப் பொறகு நீங்க கேக்கிற எதுக்கும் எனக்குப் பதில் தெரியாது.”

சிவக்கொழுந்து சபை மண்டபத்துக்கு ஓடினாள். ஒரு கடிதம், நாலு வரி. தலைவர் வரதராசா மகனை நன்கறிந்தவர். பண்ணிசைப் பாடல்களையெல்லாம் கணினியில் ஏற்றியவன் அவன்தானே?

வரதராசா அவளை அமரச் சொன்னார். துயரத்தோடு தலையசைத்தார்.

“நேற்று வந்திருந்தியள் எண்டால் நான் தலைவர். என்ரை காலம் நேற்றுப் பொழுதுபடேக்கை முடிஞ்சுது. இண்டைக்கு நான் வேட்பாளர். வேட்பாளர் ஒப்பம் வைச்சால் அது பிரசாரம். உங்கடை பிள்ளையின்ரை கண்ணீரை வைச்சு நான் வாக்குச் சேர்க்கிறன் எண்டு நாளைக்கு நாலுபேர் சொல்லுவினம். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

“அப்ப இப்ப ஆரையா தலைவர்?”

“ஒருத்தருமில்லை. கதிரை வெறுமையாய் இருக்குது. நாளையிண்டைக்குச் சனிக்கிழமை தேர்தல். அண்டைக்கே கொம்பியூட்டர் எண்ணிப்போடும். உங்கடை மகன்தானே அதைப் பொருத்தினவன்?”

“ஓம் ஐயா. அவன்தான் உள்ளுக்கை இருக்கிறான்.”

“அது பெரிய இடைஞ்சல்தான்,” என்றார் வரதராசா. சற்று யோசித்து, “எங்களுக்கு,” என்று சேர்த்தார்.

இச்சபையின் தேர்தல் முறை பெருமைக்குரியது. வேட்பாளருள் ஒருவருக்கு மட்டும் வாக்களித்தல் ஏனையோரை அவமதித்தலாகும் என்பதனால், வாக்காளர் ஒவ்வொருவரும் எல்லா வேட்பாளரையும் விருப்ப வரிசையில் எண்ணிட வேண்டும். முதல் விருப்பம் மிகக் குறைந்தவர் நீங்குவார். அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பாதிக்கு மேல் ஒருவர் பெறும்வரை இது நடக்கும். சென்ற முறை இதைக் கையால் எண்ணியபோது மூன்று நாள் கழிந்தது, இரண்டு மூக்குக் கண்ணாடிகள் உடைந்தன. அதனாற்றான் பிரணவன் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தான். உலகின் எங்கோ இருக்கும் அன்பர்கள் எழுதி, காசின்றி, ஒளிவின்றி, எவரும் வாசிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று வெளியிட்ட மென்பொருள். “மூலம் திறந்தது,” என்று அவன் சபையில் விளக்கினான்.

மூலம் என்ற சொல் காதில் விழுந்ததும் சபையிலிருந்த புலவர்கள் நிமிர்ந்து அமர்ந்தனர். மூலம் இருக்குமாயின் உரை வேண்டும். உரை எழுதப் பதின்மர் குழு ஒன்று அமைந்தது. நூற்று நாற்பது வரி மூலத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை எழுந்தன. பிரணவன் ஒவ்வொரு வரியின் கருத்தையும் சொல்ல, அதற்கு மேலான கருத்தைக் குழு கண்டது. அறுபத்தேழாம் வரி, ‘வரிசையில் இடைவெளி இருப்பின் சீட்டை விலக்கு’ என்று கணினிக்குச் சொல்வது. அதற்கு மட்டும் நான்கு பக்க விசேடவுரை. ஒழுங்கு இடையறவு பட்டவன் பிறவிக்கடலின் கரையேறான் என்பது அதன் சாரம். நூல் பட்டுத்துணி சுற்றி யானைத்தந்த நிறப் பெட்டியில் வெளியிடப்பட்டது. பத்து உரையாசிரியரும் பொன்னாடை பெற்றனர். பிரணவன் பொன்னாடைகளைத் தாங்கிய தட்டை ஏந்தினான்.

சனிக்கிழமை நூற்று முப்பத்தேழு அங்கத்தவரும் எள்விளக்கு ஏற்றிவிட்டு நேரே வந்து வாக்களித்தனர். பிரணவனின் இடத்திலே, அவனோடு வேலைசெய்யும் கிளெமென்ற் என்ற கொட்டாஞ்சேனைப் பையன் கணினியின் முன் இருத்தப்பட்டான். கத்தோலிக்கன் என்பதனால், மூலத்தைத் தொடாமல் விசையை மட்டும் அமுக்க அவனுக்கு அனுமதி கிடைத்தது.

முதற் சீட்டை ஏற்றினான். ‘வரிசையில் இடைவெளி: சீட்டு விலக்கப்பட்டது’ என்றது கணினி. இரண்டாவது சீட்டு, அதே சொல். நூற்று முப்பத்தேழாம் சீட்டு, அதே சொல். எண்ணி முடிந்தபோது ஏற்கப்பட்ட வாக்குகள் சுழியம். தேர்தல் அதிகாரி இராசரத்தினம் எழுந்து, தேர்தல் முற்றிலும் அமைதியாக நடைபெற்றது என்று அறிவித்தார்.

கிளெமென்ற் சீட்டுகளைப் புரட்டினான். தலையைச் சொறிந்தான்.

“அன்ரி, இங்க பாருங்க,” என்றான் பின்வரிசையில் நின்ற சிவக்கொழுந்திடம். “எட்டுப் பேருதான் கேட்கிறாங்க. ஒண்டு, ரெண்டுன்னு ஏழு வரைக்கும் எல்லாரும் ஒழுங்காப் போட்டிருக்காங்க. கடைசி ஆளுக்கு எல்லாரும் ஒன்பது போட்டிருக்காங்க. எட்டு எங்க?”

சிவக்கொழுந்துக்கு உடனே விளங்கிற்று. புரட்டாசிச் சனிக்கிழமை. கையில் இன்னும் எள்ளெண்ணெய் காயவில்லை. உயிரோடிருக்கும் ஒரு பெரியவரின் பெயருக்கு நேரே எட்டை எழுத எந்தக் கை துணியும்? பரம விரோதிக்கும் அதைச் செய்யமாட்டார்கள். ஒருவர் மட்டும் தம் சம்பந்தியின் பெயருக்கு எட்டைப் போட்டிருந்தார். அவரும் பிறகு நெஞ்சு பொறாமல் அதை வெட்டி ஒன்பதாக்கியிருந்தார்.

“இதுக்கென்ன, ஒரு வரிதான் சேர்,” என்று கிளெமென்ற் இராசரத்தினத்திடம் ஓடினான். “அந்த அறுபத்தேழாவது வரிய எடுத்தாச் சரி. ரெண்டு நிமிசம். இது திறந்த மென்பொருள், ஆரும் மாத்தலாம்னுதான் எழுதியிருக்கு.”

இராசரத்தினம் அரைநூற்றாண்டு அரசாங்கச் சேவை செய்தவர். அவர் சிரித்தாலும் கோப்பு மூடுவதுபோலிருக்கும்.

“தம்பி, ஆரும் வாசிக்கலாம். அது பெருந்தன்மை. ஆரும் மாத்தலாம் எண்டது பாயிரம். பாயிரத்திலை புலவர் பணிவாய் அப்பிடித்தான் சொல்லுவினம். அதை நம்பி மூலத்திலை கைவைக்கிறதோ? நாலு பக்க உரை எழுதின வரி அது! வரியை எடுத்தால் உரை எங்கை போய் நிக்கும்?”

“அப்ப வோட்டைத் திரும்பப் போடலாமே?”

“போட்டால் திரும்பவும் எட்டை ஆர் எழுதுறது? நீர் எழுதுவீரோ?”

“நான் எழுதுவேன் சேர்.”

“நீர் வேதக்காரர். உமக்கு வாக்கில்லை.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு கூடியது. எட்டை வேறு பெயரால் எழுதலாமா என்று ஆராய்ந்தது. ‘ஏழுக்கு அடுத்தது’ என்று எழுதலாம் என்றார் ஒருவர். அதைக் கணினிக்கு விளக்க வல்லவன் காவல் நிலையக் கம்பிக்குப் பின்னால் மறியலில் இருந்தான். செவ்வாய்க்கிழமை இரண்டாம் குழு, சனிக்குச் சாந்தி செய்து எட்டின் தோசத்தைக் கழிக்கலாம் என்றது. சாந்திக்கு உத்தரவு தலைவர் கொடுக்க வேண்டும். தலைவர் இல்லை. புதன்கிழமை மூன்றாம் குழு, முன்னைய இரு குழுக்களின் உழைப்பையும் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. சிவக்கொழுந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கதவருகே நின்றாள். மகன் வந்தால் வரியைத் திருத்துவான். வரி திருந்தினால் எண்ணலாம். எண்ணினால் தலைவர் வருவார். தலைவர் வந்தால் கடிதம். கடிதம் வந்தால்தான் மகன் வருவான். இந்த வட்டத்தின் எந்த இடத்தில் தலையை முட்டிக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“தாயே, இந்தச் சபையிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை,” என்றார் வரதராசா அவளைத் தேற்றி. “எட்டு நாளாய்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்து, “ஒரு கிழமைக்கு மேலாய் இதே கவலைதான்,” என்றார்.

வியாழக்கிழமை மகனைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அப்பால் நின்றான்; கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. “எண்ணி முடிஞ்சுதோ அம்மா?” என்றுதான் கேட்டான். அவள் ஓமென்று பொய் சொன்னாள்.

அன்று கடைக்குத் திரும்பித் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். இடுப்பு நோக, கண்ணீர் துணியில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கொக்கி மாட்டும் கண் ஒன்பது. மறுபக்கம் கொக்கி எட்டு. கடைசிக்கு முந்திய இடத்தில் கொக்கி இல்லை; சட்டை அங்கே பல்லிளித்தது. புதிதாய் வேலைக்கு வந்திருந்த றஞ்சிதம், “முழுக்கப் பிரிச்சுத் தைக்கவோ அக்கா?” என்று கேட்டாள்.

“ஏன் பிரிப்பான்? இல்லாத இடத்திலை ஒரு கொக்கியை வை,” என்ற சிவக்கொழுந்து, சொன்ன வாய் மூடாமல் எழுந்தாள். ஊசி விரலில் ஏறியது தெரியாமலே மண்டபத்துக்கு நடந்தாள்.

“ஐயா, சீட்டையும் மாத்த வேண்டாம், மூலத்தையும் மாத்த வேண்டாம். ஒன்பதாவது பேர் ஒண்டு சேருங்கோ. எல்லாச் சீட்டிலையும் அந்தப் பேருக்கு எட்டைப் போடுங்கோ. இடைவெளி நிரம்பிப் போம்.”

இராசரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். “ஆர் அம்மா எட்டுக்குச் சம்மதிப்பினம்? நூற்று முப்பத்தேழு தரம் எட்டு! அட்டமத்துச் சனியை ஆர் கூப்பிட்டு வீட்டிலை இருத்துவினம்?”

“நான் சம்மதிக்கிறன் ஐயா. சனியன் என்ரை வீட்டு விலாசத்தை எப்பவோ எடுத்திட்டுது.”

சபை அன்று முதன்முறையாக விரைவாக இயங்கியது. வாக்களித்து முடிந்தபின் வேட்பாளரைச் சேர்க்கலாமா என்ற ஐயத்தை இராசரத்தினமே தீர்த்துவைத்தார். “வாக்காளர் எல்லாரும் எட்டை மனசிலை ஆருக்கோ வைச்சிருந்தவை. நாங்கள் அதுக்கு ஒரு விலாசம் குடுக்கிறம். இது ஜனநாயகத்தை மீறுறதில்லை, பூர்த்தி செய்யிறது.” கரகோசம் எழுந்தது. எட்டினால் விளையும் இடர், நோய், அகால மரணம் எதற்கும் சபை பொறுப்பன்று என்று எழுதிய பத்திரத்தில் சிவக்கொழுந்து ஒப்பமிட்டாள். ஊசி ஏறிய விரலின் இரத்தம் தாளில் பட்டது. அதைக் கண்டு உறுப்பினர் ஒருவர் பரவசப்பட்டு, இதுவன்றோ தொண்டு என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை எண்ணினார்கள். நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் கணினி இருந்தது. நூற்று முப்பத்தேழு சீட்டும் ஏற்கப்பட்டன.

“அன்ரி, கோவிச்சுக்காதீங்க,” என்றான் கிளெமென்ற் மெதுவாக. “முதல் சுற்றுல ஒங்கட பேரைத்தான் வெட்டுது. ஒங்களுக்கு முதல் விருப்பம் ஒண்டுமில்லைதானே.”

“வெட்டட்டும் தம்பி. கெதியாய் வெட்டட்டும்.”

அவள் பெயருக்குப் பின் டொக்டர் வெட்டுண்டார், எஞ்சினியர் வெட்டுண்டார். வெட்டுண்டவர் ஒவ்வொருவரும் எழுந்து போய் வடை எடுத்தனர். சிவக்கொழுந்து அவர்களுக்குத் தேத்தண்ணீர் வார்த்தாள். எட்டாஞ் சுற்றில் வரதராசா வென்றார். அச்சுற்றை இராசரத்தினம் ‘நிறைவுச் சுற்று’ என்று அறிவித்தார்.

வரதராசா ஒருமணி நேரம் உரையாற்றினார். “இந்த ஆசனத்தை நான் நாடியதில்லை; அது என்னைப் பதினொரு ஆண்டாக விடவில்லை. இடுக்கண் உற்ற அங்கத்தவர் ஒருவரின் கண்ணீரைத் துடைக்கும் கை என் கையே என்று இச்சபை இன்று தெரிந்தெடுத்துள்ளது,” என்றபோது பலர் கண்ணைத் துடைத்தனர். சிவக்கொழுந்து ஒரு கையில் தேத்தண்ணீர்த் தட்டும் மறுகையில் தட்டெழுதிய கடிதமுமாக மேடைப் படியில் நின்றாள்.

“ஐயா, ஒப்பம்.”

“வைக்கத்தானே போறன்! வியாழக்கிழமை விசயதசமி. அண்டைக்குப் பதவியேற்றவுடனை முதல் ஒப்பம் உங்கடை கடிதத்துக்குத்தான். இண்டைக்கு நான் தெரிவானவன், இன்னும் தலைவரில்லை.”

“திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏத்திப்போடுவாங்கள் ஐயா!”

“மூண்டு நாள்தானே அம்மா வித்தியாசம். பிள்ளை கொஞ்சம் பொறுக்கட்டுமே. இவ்வளவு நாள் பொறுத்தவன்.”

அவள் கையிலிருந்த தேத்தண்ணீர்த் தட்டை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, கிளெமென்ற் ஒரு தாளை நீட்டினான். “முடிவை பிரிண்ட் எடுத்தேன் அன்ரி. இதையாவது கொண்டு போங்க. நானும் வாறேன். அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கேன்.”

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவள் கிளெமென்றோடு காவல் நிலையத்தில் நின்றாள். முற்றத்தில் முகாமுக்குப் போகும் பச்சை வண்டி பின்கதவு திறந்து நின்றது. ஸாலிஹ் அவளுடைய தாளைப் பார்த்தார்; முகம் இருண்டது.

“உம்மா, கடிதம் கேட்டேன். நீங்க இன்னொரு லிஸ்ற் கொண்டு வந்திரிக்கீங்க.”

உள்ளேயிருந்த பெரியவர் இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்தார். அதே எட்டுப் பெயர்கள். அதேபோன்ற வெட்டுகள். ஆனால் புதிய தாளில் எல்லாருக்கும் முதலாக வெட்டப்பட்ட ஒரு புதுப்பெயர். அதில் விரலை ஊன்றினார்.

“மே கவுத?”

“இது ஆருன்னு கேக்கிறாரு.”

சிவக்கொழுந்து அடையாள அட்டையை எடுத்து, இரு கையாலும் தாளின்மேல் வைத்தாள்.

“நான்தான் ஐயா. முதல்முதல் வெட்டுப்பட்டவள் நான். சனிக்கிழமை வெட்டினவை. இண்டைக்குத் திங்கட்கிழமை. உயிரோடை நிக்கிறன், பாருங்கோ. எனக்குப் பிறகு வெட்டுப்பட்டவை எல்லாரும் இருந்து வடை தின்டவை. நான்தான் தேத்தண்ணி ஊத்தினனான். இந்தத் தாளிலை வெட்டுப்பட்டால் ஒருத்தரும் சாகிறேல்லை ஐயா. தோக்கிறது மட்டுந்தான்.”

ஸாலிஹ் அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் அட்டையிலிருந்த பெயரை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தாளிலுள்ள பெயரோடு ஒப்பிடச் செய்தார். பிறகு அவளை நெடுநேரம் பார்த்தார். இறந்திருக்க வேண்டிய ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெளியே வண்டி உறுமத் தொடங்கியது.

“ஹரி,” என்றார்; சரி என்பதற்குச் சிங்களம் அது.

பிரணவன் பதினொரு மணிக்கு வெளியே வந்தான். அதே வண்டி அவனில்லாமல், வேறு பதினான்கு பேரோடு புறப்பட்டது. அவர்களுடைய தாய்மார் வாயிலில் நின்றனர். சிவக்கொழுந்து மகனின் கையை இறுகப் பற்றியபடி, அவர்களை நிமிர்ந்து பார்க்க இயலாதவளாய்த் தலைகுனிந்து கடந்து போனாள்.

வியாழக்கிழமை சபையின் கடிதம் வந்தது. ஒப்பமும் முத்திரையும் இருந்தன. பிரணவன் நல்லவன் என்பது நேரிசை வெண்பாவாய் நான்கடியில் யாக்கப்பட்டிருந்தது. சபையின் அவ்வாண்டுக் கடித வரிசையில் ஏழாவதற்கு அடுத்த கடிதம் அது. மூலையில் ‘ஏழு-அ’ என்று எண்ணிட்டிருந்தார்கள். சிவக்கொழுந்து அதைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தாள்.

கடைசிப் புரட்டாசிச் சனியன்று இருவரும் கோயிலுக்குப் போயினர். வரிசை நீண்டு நின்றது, அவர்களும் நின்றனர். சந்நிதியில் எல்லாரும் ஒன்பது திரி, ஐந்து திரி என்று ஏற்றினார்கள். சிவக்கொழுந்து எட்டுத் திரி ஏற்றினாள். பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு விலகினார். நிலமும் நீரும் தீயும் காற்றும் வானும் ஞாயிறும் திங்களும் உயிருமாய் எட்டாகி நிற்பவனை அவள் பெயர் சொல்லி அழைக்கவில்லை; உதடு மட்டும் அசைந்தது. ஒரு திரி தனக்கு, ஒரு திரி மகனுக்கு. மற்ற ஆறையும் அந்தப் பதினான்கு பேருக்கு எப்படிப் பங்கிடுவதென்று அறியாமல் சற்று நின்றாள். பின் கடையிற் போய் இன்னும் எள் வாங்கி வந்து, பதினான்கும் நிறையும்வரை ஏற்றினாள். விபூதியை எடுத்து மகனின் நெற்றியில் இட்டாள்.

மாரி வழுவாது பொழிக. கடல் தன் கரையில் நிற்க. எண்ணுவோர் நேரிதின் எண்ணுக. எண்ணப்படுவோர் நெடிது வாழ்க. எத்தாளில் எக்கையால் பெயர் வெட்டுண்டோராயினும், அவரெல்லாம் தத்தம் தாயர் வாயிலுக்கு நடந்து வருக.